பொன்னேரிக்காரரின் மக்னீசியம்

முப்பத்தாறு வயதில் என் இதயம் தாளம் தப்பத் தொடங்கியது. வலி கிடையாது, மயக்கம் கிடையாது. சில துடிப்புகள் ஒழுங்காக வரும். பிறகு ஒன்று வராது. அதற்கு அடுத்தது இரண்டு பங்கு பலத்தோடு வந்து விலாவில் இடிக்கும். அந்த இடியைப் பொறுத்துக்கொள்ளலாம். வராத ஒன்றுக்காகக் காத்திருப்பதுதான் கஷ்டம். திருவள்ளூரில் எங்கள் குடும்ப டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றிவிட்டு, "அது பாட்டுக்கு இருக்கும். நீங்க உங்க பாட்டுக்கு இருங்க. காபியைக் குறைச்சுக்குங்க" என்றார். காபியைக் குறைத்தேன். என் பாட்டுக்கு இருக்கத்தான் முடியவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே வலது கை பேனாவை வைத்துவிட்டு இடது மணிக்கட்டுக்குப் போய்விடும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சென்னை நாளிதழ் ஒன்றுக்கு நான் திருவள்ளூர்ப் பகுதிநேர நிருபர். அப்பாவும் பெரியப்பாவும் கோயில் கைங்கரியத்தில் இருந்தவர்கள். நான் ஒருவன்தான் செய்தி எழுதப் போனேன். மாதம் ஒருமுறை பகுதிநேர நிருபர்கள் எல்லாரும் அச்சில் வந்த செய்திகளை வெட்டித் தாளில் ஒட்டி அலுவலகத்துக்குக் கொண்டு போவோம். கணக்குப் பிரிவில் ஒருவர் அடிக்கோல் வைத்து அவற்றை அளப்பார். எத்தனை அங்குலம் எழுதினோமோ அதற்குத் தக்கபடி சம்பளம்.

கணக்குப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் தொழிற்சங்க நோட்டீஸ் ஒட்டும் பலகை. நான் எப்போதும் அங்கே நின்று நோட்டீஸ் படிப்பதுபோல மூச்சு வாங்குவேன். ஒரு மாதம் அதே பலகைக்கு முன்னால் இன்னொருவரும் நின்று படித்துக்கொண்டிருந்தார். தடித்த உடம்பு, கறுத்த முகம், வாயில் வெற்றிலை. பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கத்துச் செய்திகளை எழுதுபவர் என்று தெரியும். பேசியதில்லை.

"அதுல இன்னா சாமி இருக்குது?" என்றார், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன மாசமும் இத்தத்தான் படிச்சினு இருந்தீங்கோ."

"நீங்களுந்தான் படிச்சிண்டு இருக்கேள்."

"நான் எங்க படிச்சேன்? மாருல கைய வெச்சினு நிக்கிறேன். எனக்கு இங்க தடதடன்னு அடிக்குது. உங்களுக்கு?"

அப்படித்தான் பழக்கமானோம். மீஞ்சூருக்குப் பக்கத்தில் அவர் குடும்பத்துக்கு நெல் வயல்கள் இருந்தன. அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். செய்தி எழுதுவது இவருக்குப் பிழைப்பு இல்லை, ஆசை. என்னுடையது ஒன்று தவறி ஒன்று இடிக்கும் வகை. அவருடையதில் ஒழுங்கே கிடையாது. "மூட்டய அவுத்து உட்டா நெல்லு கொட்டுமே, அந்த மாரி" என்பார். பொன்னேரி டாக்டர் ஒருவர் அதற்குத் தினமும் ஒரு சிறிய மாத்திரை கொடுத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் பலகைக்கு முன்னால் நின்று, யாருக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்வோம். அவருக்கு என்னைவிட மோசம் என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அது வெளியே தெரியாதபடி முகத்தை வைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு மாதம் அவர் பலகைக்கு முன்னால் நிற்கவில்லை. நான் நின்றேன். அவர் பின்னாலிருந்து வந்தார், என் தோளைத் தட்டினார், ஏதோ கேட்டுக்கொண்டே மேலே போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய தாளை அளந்தே முடித்திருந்தார்கள். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டிலை எடுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளை மாத்திரைகள், மேலே வழவழப்பான பூச்சு. அண்ணன் ஏதோ ஐரோப்பியத் துறைமுகத்தில் வாங்கி வந்தாராம். கப்பல் டாக்டர் சொன்னாராம், உடம்பில் மக்னீசியம் குறைந்தால் இதயம் தாளம் தப்பும் என்று.

"காலைல நாஷ்டாவுக்கு அப்புறம் ஒண்ணு. அவ்ளோதான். இப்ப கல்லு மாரி இருக்குறேன்."

"டாக்டர் கொடுத்த மாத்திரை?"

"அத்த உட்டுட்டேன். இது இருக்க சொல்ல அது எதுக்கு?"

அன்று திரும்பும் ரயிலில் ஆவடி தாண்டும் வரை அந்தப் பாட்டிலையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கும் அண்ணன் இருந்தார். அவர் ஆர்.கே.பேட்டையில் பள்ளி ஆசிரியர். அவரால் எனக்கு நிலக்கடலை வாங்கி வர முடியும்.

மறுமாதம் செய்தி ஆசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன, நிலம் எடுக்கிறார்கள், அங்கே ஒரு முழுநேர நிருபர் போட நிர்வாகம் சம்மதித்துவிட்டது என்றார். மாதச் சம்பளம். செய்திக்கு மேலே 'நமது நிருபர்' என்று போடுவார்கள். எங்கள் செய்திகளுக்கு மேலே ஊர்ப் பெயர் மட்டும்தான் வரும். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். அலையறதுக்குத் தெம்பு இருக்கற ஆளா வேணும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் யாரைப் பார்த்தார் என்பது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. என்னைப் பார்த்தார்.

எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பகுதிநேர நிருபராகவே கிழவனாகிப் போனவர்களை அந்தக் கணக்குப் பிரிவு வரிசையில் நான் பார்த்திருக்கிறேன். என் எழுத்தில் பிழை இருக்காது. செய்தி ஆசிரியர் என் செய்தியில் கை வைத்ததே இல்லை. பொன்னேரிக்காரர் எழுதியதைத் திருத்தி எழுதவே ஒரு உதவி ஆசிரியர் வேண்டும். ஆனால் அவருக்கு எல்லா ஊரிலும் ஆள் இருந்தது. இப்போது நெஞ்சும் இருந்தது.

மாடி இறங்கும்போது அவரே பாட்டிலைத் திறந்து ஒரு கை மாத்திரையை நியூஸ்பிரிண்ட் தாளில் மடித்துக் கொடுத்தார். "வெச்சிக்க சாமி. நீயும் நல்லா இரு. அப்புறம் யாருக்கு வேலன்னு பாக்கலாம்." போட்டியாளனுக்கு மருந்து கொடுக்கும் அளவுக்கு அவரிடம் நம்பிக்கை இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் என் மனைவி அந்தப் பொட்டலத்தைக் கையால் தொடவில்லை. "எதுல பண்ணினதோ" என்றாள்.

"மக்னீசியம்ங்கறது ஒரு உலோகம். பூமியிலேர்ந்து எடுக்கறது."

"பூமியிலேர்ந்து எடுத்தது இப்படி வழவழன்னு இருக்குமா? மேல பூசியிருக்கே, அது என்னது?"

எனக்குத் தெரியவில்லை. எலும்பிலிருந்து எடுக்கும் பசையை மாத்திரைகளுக்குப் பூசுவது உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

"அப்பா பெருமாளுக்குத் தளிகை பண்ணின ஆத்துல இதெல்லாம் வேண்டாம். அவருக்கென்ன, மீன் சாப்பிடறவர். எது வேணா ஒத்துக்கும்."

பொன்னேரிக்காரரிடம் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டதாகச் சொன்னேன். "டாக்டரு வாணாம்னா வாணாம்" என்று அவர் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பாட்டிலுக்குள் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம் கடைத்தெரு மருந்துக் கடையில் மக்னீசியம் இருக்கிறதா என்று கேட்டேன். "மக்னீசியமா? பேதி உப்புதான் இருக்குது சார்" என்றார் கடைக்காரர். பொட்டலத்தின் மேல் இங்கிலீஷில் மக்னீசியம் சல்ஃபேட் என்றே அச்சிட்டிருந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லாருக்கும் கரைத்துக் கொடுத்த அதே உப்பு. பூச்சு இல்லை, பசை இல்லை. மனைவியும், "இது உப்புன்னா, தாராளமாச் சாப்பிடுங்கோ" என்றாள். ஆசாரத்துக்கு ஒத்துவந்ததே என்ற நிம்மதியில் மருந்துக்கு ஒத்துவருமா என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. கொஞ்சமாகச் சாப்பிட்டால் பேதியாகாது, மக்னீசியம் மட்டும் ரத்தத்தில் சேரும் என்பது என் கணக்கு.

வெந்நீரில் ஒரு சிட்டிகை என்று தொடங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. இதயம் சற்று அமைதியாக இருப்பதுபோலக்கூடப் பட்டது. அப்படிப் பட வேண்டும் என்று நான் மிகவும் விரும்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்கு அமைச்சர் அடிக்கல் நாட்ட வருவதாகச் செய்தி வந்தது. செய்தி ஆசிரியர் எங்கள் இருவரையும் போகச் சொன்னார். "ரெண்டு பேரும் தனித்தனியா எழுதி அனுப்புங்க. எது நல்லா இருக்கோ அதைப் போடறேன்." வேலை யாருக்கு என்பது அதில் தெரிந்துவிடும். அன்று காலை தெம்பாக இருக்க வேண்டும் என்று ஒரு ஸ்பூன் நிறைய உப்பைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ். பெரியபாளையம் வருவதற்குள் ஒரு முறை வண்டியை நிறுத்தச் சொல்லிப் புதருக்குப் பின்னால் ஓடினேன். அடுத்த முறை கண்டக்டர் விசில் ஊத மறுத்தார்.

"இன்னா சாமி, பேஜாரு பண்றியே. நீ ஒரு ஆளு எறங்கி ஏற சொல்ல மத்த ஜனம் வேல வெட்டிக்குப் போவ வாணாமா? அடக்கிக்கினு வா."

பஸ்ஸில் சிரித்தார்கள். ஒரு கிழவி மட்டும், "பாவம், இன்னா துன்னுச்சோ" என்றாள்.

விழா நடந்த இடம் ரயில் நிலையத்துக்கு மேற்கே ஒரு பொட்டல். செம்மண், சில பனைகள், நடுவில் ஷாமியானா. அமைச்சர் வரத் தாமதமானது. நான் அதற்குள் பனைகளை நோக்கி மறுபடி போய்வந்திருந்தேன். வெயிலில் திரும்பி நடக்கும்போது இதயம் புரண்டது. இந்த முறை ஒன்று தவறி ஒன்று இடிக்கவில்லை. தொடர்ந்து தவறிக்கொண்டே போனது. வியர்த்துக் கொட்டியது. ஷாமியானாவுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேடையில் மைக் சோதிக்கும் சத்தம் கேட்டது. குறிப்பெடுக்கக் கை எழவில்லை.

எங்கள் அலுவலகப் புகைப்படக்காரர்தான் முதலில் பார்த்தார். பொன்னேரிக்காரரைக் கூட்டி வந்தார். நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார்கள். சொன்னேன்.

"மக்னீசியமா?" என்றார் புகைப்படக்காரர். "சாரே, அது என் ஃபிளாஷ் பல்புக்குள்ள எரியுற சரக்கு. அமைச்சர் வந்ததும் நீங்க வாயத் தொறங்க, எனக்கு ஒரு பல்பு மிச்சம்."

"தே, சும்மா இருபா" என்று அவரை விரட்டினார் பொன்னேரிக்காரர். "சாமி, எங்கிட்ட இருந்தது அத்தினி மாத்தர. திரும்பக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? பேதி உப்பப் போயி எவனாவது தெம்புக்குக் குடிப்பானா?"

யாரையோ அனுப்பி உப்புப் போட்ட சோடா வரவழைத்தார். என்னைத் தூக்கி நிழலில் உட்காரவைக்கக் கையைக் கொடுத்தார். நான் அந்தக் கையைப் பிடித்து எழுந்தேன். என் விரல்களுக்கு எந்த மணிக்கட்டிலும் நாடி தேடும் பழக்கம் ஏற்பட்டிருந்தது. அவை தாமாகவே தேடிப் பிடித்தன.

மூட்டை அவிழ்த்துவிட்ட நெல் என்று அவர் முன்பு சொன்னது அப்படியே இருந்தது. இரண்டு துடிப்பு நெருங்கி வந்தது, ஒன்று வெகு தூரம் தள்ளி வந்தது, பிறகு ஒரு கொத்தாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. என்னுடையதைவிடவும் மோசம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெற்றிலை மென்றுகொண்டு, அமைச்சரின் கார் மீஞ்சூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கின்னா சாமி. கல்லு மாரி இருக்குறேன்."

பொய் இல்லை. அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. அந்த மாத்திரை இதயத்தைச் சரிப்படுத்தவில்லை. இதயத்தைக் கவனிக்கும் வேலையிலிருந்து அவரை விடுவித்திருந்தது. முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணமே முன்னைவிடப் பெரிய பொறாமை வந்தது. சரியான நெஞ்சு அவருக்குக் கிடைத்துவிட்டது என்று இத்தனை நாள் வயிறு எரிந்தேன். இப்போது பார்த்தால் என்னைவிடக் கெட்ட நெஞ்சை வைத்துக்கொண்டு மாடி ஏறுகிறார், மாட்டிக்கொண்ட காரைப் பற்றிச் சிரிக்கிறார், ராத்திரி தூங்குகிறார். நான் எதைத் தேடித் தேடி மணிக்கட்டைப் பிடித்தேனோ அது அவருக்குத் தேவையே இல்லாமல் போயிருந்தது. அந்த நிம்மதி அவரிடம் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"உங்க நாடி தாறுமாறா இருக்கு" என்றேன். "கொஞ்சங்கூட மாறலை. பழையபடிதான்."

"ஜோக்கு அடிக்காத சாமி."

"நீங்களே பாருங்கோ."

அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மெல்லுவது நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வெற்றிலையைத் துப்பிவிட்டு மறுபடி பிடித்தார். "ஆமா, தாறுமாறாத்தான் கீது" என்றார் மெல்ல. அதற்குள் ஷாமியானாவில் கைதட்டல் கேட்டது. அமைச்சர் வந்துவிட்டார். பொன்னேரிக்காரர் எழுந்து போனார். பேச்சு முழுக்க அவருடைய வலது கை மணிக்கட்டிலேயே இருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். குறிப்பை எப்படி எடுத்தாரோ தெரியாது. செய்தியை எழுதிக் கவரில் போட்டு ரயில் கார்டிடம் கொடுத்தனுப்பினார். மறுநாள் வந்தது அதுதான். நான் அன்று ஒரு வரியும் எழுதவில்லை.

அந்த வாரமே அவரைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மார்பில் மின்சாரம் வைத்து இதயத்தைத் தாளத்துக்குக் கொண்டுவருவார்களாம். அதற்கு முன்பும் பின்பும் பல நாள் படுக்கை. அதுவரை கும்மிடிப்பூண்டிச் செய்தியையும் என்னையே பார்த்துக்கொள்ளச் சொன்னார் செய்தி ஆசிரியர். பேதி உப்பை விட்டிருந்ததால் நானும் பழைய நிலைக்கு வந்திருந்தேன். பஸ்ஸிலும் வாடகை சைக்கிளிலும் அந்த ஊர்களைச் சுற்றினேன். நிலம் கொடுத்தவர்கள் என்னைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள், 'சாமி' என்று மரியாதையாகப் பேசினார்கள், எல்லாம் சௌகரியம் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படியே எழுதினேன். பிழையில்லாமல் எழுதினேன். செய்தி ஆசிரியர், "பரவாயில்லை, தெம்பாத்தான் அலையறீங்க" என்றார். என் மனைவி கும்மிடிப்பூண்டியில் வாடகை வீடு கிடைக்குமா, பக்கத்தில் கோயில் உண்டா என்று விசாரிக்கச் சொன்னாள்.

ஒரு நாள் காலை பேப்பரைப் பிரித்தால் முதல் பக்கத்தில் கும்மிடிப்பூண்டிச் செய்தி. நான் எழுதியது இல்லை. வேலை தருவதாகச் சொல்லி நிலம் வாங்கியவர்கள் இப்போது வெளியூர் ஆட்களை எடுக்கிறார்கள், கேட்கப் போனவர்களைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று விவரமாக வந்திருந்தது. பொன்னேரிக்காரருடைய வார்டில் அடுத்த படுக்கையில் கிடந்தவர் அந்த ஊர் விவசாயி. பார்க்க வந்த உறவுக்காரர்கள் அத்தனை பேரும் இவரிடமும் உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். படுத்துக்கொண்டே பென்சிலில் எழுதி அனுப்பியிருந்தார். நான் மோர் குடித்த அதே வீட்டுக்காரர் ஒருவரின் பேச்சும் அதில் இருந்தது.

நான் வாயைத் திறந்திருக்காவிட்டால் அவர் அந்தப் படுக்கைக்கே போயிருக்க மாட்டார்.

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. என் டாக்டரிடம் போய், எனக்கும் அந்த மின்சாரம் வைக்க முடியுமா என்று கேட்டேன். "உங்களுது அந்த ரகம் இல்லை. அவ்வளவு பெரிசா ஒண்ணும் இல்லை" என்றார். மக்னீசியம் பற்றியும் கேட்டேன். உடம்பில் குறைவாக இருப்பவர்களுக்கு உதவக்கூடும், எனக்கு அது குறைவு என்று நினைக்க முகாந்திரம் இல்லை என்றார். எனக்கு இருந்த வியாதி மருந்துக்குக்கூட லாயக்கில்லாத அளவுக்குச் சின்னது.

அவர் வேலையில் சேர்ந்த பிறகு ஒரு முறை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சந்தித்தோம். கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். ஓடி வந்ததை நான் குறித்துக்கொண்டேன்.

"சாமி, நீ சொல்லலன்னா நான் போய்ச் சேந்திருப்பேன். பெரிய டாக்டரே சொன்னாரு. மக்னீசியம் துன்னது தப்பில்லியாம். அத்த நம்பிக்கினு மத்த மாத்தரய உட்டேன் பாரு, அதான் தப்பாம். ஊட்ல எங்கம்மா தெனமும் உன் பேரச் சொல்லி வெளக்கேத்துறாங்கோ."

"எதுக்கு அதெல்லாம்" என்றேன்.

"இப்ப எப்பிடிக்கீது பாரு." கையை நீட்டினார்.

பிடித்தேன். சீராக இருந்தது. பலமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளியில், அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அதற்குள் எனக்கு ஒன்று தவறி, விலாவில் இடித்தது.

"சரியாக்கீதா?"

"இருங்கோ" என்றேன்.

சென்னை ரயில் வந்து நின்றது. ஆட்கள் இறங்கி எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒன்றாவது தவறாதா என்று நான் விரலை இன்னும் சற்று அழுத்தி வைத்துக் காத்திருந்தேன். அவர் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது.

"போதும் உடு சாமி. எங்க ஊட்டுக்காரிகூட இவ்ளோ நேரம் என் கையப் புடிச்சதில்ல."

நான் விடவில்லை.